சும்மாத்தொட்டி

இன்னும் ஒரு மணி நேரம் அது உயிரோடு இருந்தால் போதும் என்று சென்னியப்பன் நினைத்தான். நினைத்த வேகத்திலேயே, இல்லை, செத்தால் போதும் என்றல்லவா நான் நினைக்கவேண்டும் என்று திருத்திக்கொண்டான். திருத்தியதும் வாய் கசந்தது, காலையில் குடித்த டீயா நினைப்பா என்று தெரியவில்லை. விலங்கியல் துறையின் பின்பக்க அறை. வரிசையாக ஆறு கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நீளத்துக்குப் பத்து ரோகு மீன்குஞ்சுகள், அப்படித்தான் நாலு நாளைக்கு முன்னால் கணக்கு. கடைசித் தொட்டியில் இப்போது வெறும் தண்ணீர்தான், விட்ட அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் அத்தனையும் மல்லாந்துவிட்டன. அதற்கு முந்தியதில் ஒன்றே ஒன்று, எதற்கு மிஞ்சினோம் என்று தெரியாமல் சுவரை முட்டிக்கொண்டிருந்தது. அப்படியே மருந்து குறையக் குறைய மிச்சம் கூடி, இரண்டாவது தொட்டியில், நாக்கில் விட்டால்கூடத் தெரியாத அளவு மருந்து கலந்த தொட்டியில், ஆறு செத்து நாலு இருந்தன. முதல் தொட்டிதான் சும்மாத்தொட்டி. புத்தகத்தில் கட்டுப்பாட்டுத் தொட்டி என்று போட்டிருக்கும். துறையில் யாரோ எந்தக் காலத்திலோ சும்மாத்தொட்டி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. அதில் ஒன்றும் கலப்பதில்லை. மற்ற தொட்டிகளில் மீன் செத்தால் மருந்தால்தான் செத்தது, தண்ணீராலோ வெக்கையாலோ பயத்தாலோ இல்லை என்று சாட்சி சொல்வதற்காகச் சும்மா நீந்திக்கொண்டிருப்பது அந்தப் பத்து மீனின் வேலை. பத்தில் ஒன்று செத்தால் விதி மன்னிக்கும். இரண்டு செத்தால் சாட்சி கலைந்தது, சோதனை செல்லாது, எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிப் புது மீன் வாங்கி மறுபடி முதலிலிருந்து. ஒன்று நேற்றே செத்துவிட்டது. இன்னொன்று இதோ, அவன் மூக்குக்கு நேரே, கண்ணாடி மூலையில் தலை கீழாகச் சாய்ந்து, செவுளை ஒரு திறப்புத் திறந்து, யோசித்து, மூடி, மறுபடி யோசித்துக்கொண்டிருந்தது. 'உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே, உள்ள எடம் கெடக்குது பாரு,' என்று டவுன் பஸ் கண்டக்டர் குரலில் அதன் செவுளுக்குள் காற்றை ஏற்றிப் பார்த்தான். அது ஏறவில்லை.

அரை மணிக்கு முன்னால்தான் அர்த்தநாரி சார் போன் பண்ணியிருந்தார். டாக்டர் அர்த்தநாரி, துறைத் தலைவர், அவன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. ஏழு வருஷமாக வழி காட்டுகிறார், வழி இன்னும் அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அவர் குரல் சென்னியப்பன் தொண்டையில் குடியிருக்கிறது, கூப்பிட்டால் வரும், கூப்பிடாமலும் வரும். முதலில் ஒரு கனைப்பு, அப்புறம் வெற்றிலையே போடாதவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்குவதுபோல ஒரு நாக்குச் சுழற்றல், அப்புறம் முடியாத வாக்கியம். 'ஏப்பா சென்னி, அந்தச் சும்மாத்தொட்டியில ஒண்ணு போயிருச்சாமா?' 'ஆமாங்க சார், நேத்தே.' 'த்சொ த்சொ. அப்பறம் இன்னொண்ணு...' 'ஒண்ணு சாஞ்சாப்ல நிக்குதுங்க சார்.' 'அட. அது... பாரு... உசுரு என்ன நம்ம கையிலயா இருக்குது? பதினொரு மணிக்கு நான் மேடத்தைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அதுக்குள்ள... நீ பக்கத்துலயே இரு. வேற யாரையும் உள்ள உடாதே. அப்பறம் உன்ற தீஸிஸ் என்ற மேசை மேலயேதான் கெடக்குது, இன்னைக்கு எடுத்து ஒரு பார்வை பார்த்துப்போடலாம்னு... என்ன நான் சொல்றது?' என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவர் சொன்னது. 'அதுக்குள்ள'வுக்கும் 'நீ'க்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டாரே, அதில் ஒரு கண்ணாடிக் குச்சி தாராளமாக நுழையும். சென்னியப்பன் அந்தப் பேச்சை முதலிலிருந்து ஓட்டிப்பார்த்தான், சார் குரலில் ஒரு தடவை, ரயில் நிலைய அறிவிப்புப் பெண் குரலில் ஒரு தடவை, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு, சும்மாத்தொட்டியிலிருந்து புறப்படவேண்டிய இரண்டாவது மீன் சற்றுத் தாமதமாக', காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர் குரலில் ஒரு தடவை, 'ஒரு தீஸிஸ், ஒரு தீஸிஸ், ஒரு மீனுக்கு ஒரு தீஸிஸ், கேக்கறவங்க கேளுங்க!' எந்தக் குரலில் ஓட்டினாலும் அர்த்தம் ஒன்றாகவேதான் வந்து நின்றது. குரல் மாறினால் விஷயம் மாறிவிடும் என்று அவன் எப்போதும் நம்பிவந்திருக்கிறான், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் போலப் பேசி ஒரு வகுப்பையே மைதானத்துக்கு அனுப்பிய நாளிலிருந்து.

மருந்து என்று பேர், மருந்தெல்லாம் இல்லை. சாயம் வெளுக்காமல் துணியிலேயே நிற்பதற்காகப் பட்டறைகளில் ஊற்றுகிற திரவம். முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று இருக்கும். துணியில் சாயத்தைப் பிடித்து நிறுத்துகிற அதே புத்தி மீனின் செவுளையும் பிடித்துக்கொள்ளும், விடாது. அதைச் செய்து விற்கிற கம்பெனிதான் இந்த அறைக்கு ஏ.சி. கொடுத்தது, துறைக்கு மூன்று மைக்ராஸ்கோப் கொடுத்தது, சார் மகள் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. ஆற்றோரம் கீழ்மடை என்று ஒரு ஊர். அங்கே துணி துவைக்கிற பெண்களுக்குக் கை கால் எல்லாம் தடித்து அரிக்கிறது, கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக மீன் ஒதுங்குகிறது என்று புகார். கம்பெனி சொன்னது, எங்கள் சரக்கு ஆற்றில் போய்ச் சேரும்போது இவ்வளவு கொஞ்சமாகத்தான் இருக்கும், அதில் ஒரு புழுகூடச் சாகாது. அந்த 'இவ்வளவு கொஞ்சம்'தான் இரண்டாவது தொட்டி. ஆறு செத்துக் கிடக்கிறது. மாசு வாரியத்துப் பொறியாளர் மேடம் ஒருத்தர் பிடிவாதமாக, கடைசி எண்ணிக்கையை நானே வந்து நின்று எண்ணுவேன் என்று சொல்லிவிட்டார், ஆகவே எண்ணிக்கையில் கைவைக்க முடியாது. ஆறு ஆறுதான். ஆனால் சும்மாத்தொட்டியில் இரண்டு செத்தால் அந்த ஆறு வெறும் ஆறாகிவிடும், ஒன்றுக்கும் சாட்சியில்லாத ஆறு. மறு சோதனைக்கு நாள் ஆகும், அதற்குள் மழை பிடிக்கும், ஆற்றில் தண்ணீர் புரண்டு வரும், புகார் கரைந்துபோகும். சோதனை செல்லுபடியானால் அந்தத் திரவத்தைக் கரை முழுக்க எல்லாப் பட்டறைகளிலும் நிறுத்தியாகவேண்டும். எல்லாம் இந்தச் சுண்டுவிரலின் செவுளில் வந்து தொங்குகிறது. இதில் கூத்து என்னவென்றால், விஷம் குடித்த ஐம்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஒரு சொட்டு விஷமும் படாத இதுதான் பிழைக்குமா சாகுமா என்று ஒரு கம்பெனியும் ஒரு ஊரும் ஒரு டாக்டரும் இன்னும் டாக்டராகாத ஒருத்தனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இது ஏன் சாகிறது என்று அவனுக்குத் தெரியும், அதுதான் இன்னும் கசப்பு. பண்ணையிலிருந்து பிளாஸ்டிக் பையில் பிராணவாயு அடைத்து வந்த குஞ்சுகளை இரண்டு வாரமாவது பெரிய தொட்டியில் விட்டுப் பழக்கவேண்டும், பஸ் பயணத்து அலுப்புத் தீரவேண்டும், இந்தத் தண்ணீர் அதன் உடம்புக்குள் போய்ப் பழகவேண்டும், சாகிறதெல்லாம் அங்கேயே செத்துத் தீர்ந்து நோயில்லாதது மட்டும் சோதனைக்கு வரவேண்டும். சார் வந்து எட்டிப் பார்த்தார். 'மீனுக்கென்னப்பா மாமியா ஊடா, தங்கிப் பழகறதுக்கு? கம்பெனிக்காரங்க நெம்ப அவசரப்படறாங்க. போடு, போடு.' போட்டான். ஒரு வாரம்கூட ஆகவில்லை. 'சார், விதிப்படி...' என்று ஆரம்பித்த ஞாபகம், அந்த வாக்கியத்தை சார் முடிக்கவில்லை, அவனும் முடிக்கவில்லை, இந்தத் துறையில் யாரும் எந்த வாக்கியத்தையும் முடிப்பதில்லை. அன்றைக்கு அவசரமாக முடியவேண்டும் என்று கேட்ட கம்பெனிக்கே இன்றைக்கு முடியாமல் போகவேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. பாதி சாகிற அளவைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சோதனையின் முழு நோக்கம். எல்லாம் சாகிற அளவு யாருக்கும் வேண்டாம், அது கொலை. ஒன்றும் சாகாத அளவும் வேண்டாம், அதை வைத்து என்ன செய்ய. பாதி செத்துப் பாதி துடிக்கிற இடம் எதுவோ அதற்குத்தான் மரியாதை, அதற்குத்தான் அட்டவணையில் இடம். ஆராய்ச்சி மாணவனுக்கும் அப்படி ஓர் அளவு வைத்திருப்பார்கள். அவனையும் சேர்த்து வந்தது நாலு பேர். ஒருத்தி திருமணம் ஆகிப் போனாள், ஒருத்தன் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறான், மிச்சம் இரண்டு. சரியாகப் பாதி. மிஞ்சிய இரண்டில் இன்னொருத்தன் சாருக்கு வீடு கட்ட மணல் ஏற்பாடு செய்து கையெழுத்து வாங்கிப் போனான். சென்னியப்பனுக்கு மணல் தெரியாது, மிமிக்ரி தெரியும். ஆண்டு விழாவில் சார் முன்னாலேயே சாரைப் போலப் பேசிக் காட்டி அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சாரும் சிரித்தார், அடுத்த நாள் தீஸிஸில் மூன்றாவது அத்தியாயத்தை மறுபடி எழுதச் சொன்னார்.

வரும் திங்கட்கிழமை கோபியில் ஒரு கல்லூரியில் நேர்காணல். தீஸிஸ் ஒப்படைத்த சான்று இல்லாமல் அந்தப் படி ஏறமுடியாது. இதற்கு முன் இப்படி மூன்று படி ஏறாமல் போய்விட்டது. யசோதாவின் அப்பா, அவன் மாமனார், விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இலைக்கு மேலே எட்டிக் கூப்பிடுவார், 'டாக்டரு மாப்ளே! எனக்கு முட்டி நெம்ப வலிக்குதுங், மீனு மாத்திரை ஏதாச்சும் இருந்தாக் குடுங்!' பந்தியே சிரிக்கும். சென்னியப்பனும் சிரிப்பான், அதே குரலில் திருப்பிச் சொல்வான், 'மீனு மாத்திரை வஞ்சிரத்துக்குத்தானுங் மாமா, நமக்கு நாய்க்கடி ஊசிதான்,' இன்னும் பெரிய சிரிப்பு வரும், ஜெயித்தாயிற்று, வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினால் ஜெயித்தது ஒன்றும் இருக்காது. யசோதா மருந்துக் கடையில் பில் போடுகிறாள். முன்னெல்லாம் காலையில் கேட்பாள், 'இன்னைக்காச்சும் கேட்டுப் பாக்கறீங்களா?' ஆடிக்கு அப்புறம் கேட்பதில்லை. கேட்காமல் டிபன் டப்பாவின் மூடியை அழுத்தி மூடுகிறாள், டக் என்று ஒரு சத்தம். உலகத்தில் எல்லாச் சத்தமும் அவன் தொண்டைக்கு வரும், மிக்ஸி வரும், குக்கர் வரும், தறிக்கூடம் வரும், அழுகிற குழந்தையைக் கண்டு அழுகிற இன்னொரு குழந்தை வரும். அந்த டக் வராது. எத்தனையோ தடவை நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான், வேறு ஏதோ டப்பாவின் சத்தம்தான் வந்தது. இன்றைக்குச் சாயங்காலம் போய், யசோதா, கையெழுத்துப் போட்டுட்டார், என்று சொன்னால் அவள் என்ன சத்தம் போடுவாள் என்று யோசித்தான். அந்தச் சத்தத்தை அவன் கேட்டதே இல்லை. கேட்கவேண்டும்போல நாக்கு ஊறியது, ஊறியதும் கால் தானாகக் கடைசித் தொட்டிப் பக்கம் நடந்தது.

மீன் செத்ததா இல்லையா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குச்சி இருக்கிறது. வால் ஆரம்பிக்கிற இடத்தில் மெல்லத் தொட்டால் உயிருள்ளது சுண்டும், சுண்டாவிட்டால், செவுளும் அசையாவிட்டால், செத்தது. அவ்வளவுதான் அறிவியலில் சாவு. அந்தக் குச்சிக்கு ஒரே ஒரு சட்டம். சும்மாத்தொட்டியில் ஆரம்பித்து, கொஞ்சம் மருந்து, அதற்கு மேல், அதற்கு மேல் என்று கடைசித் தொட்டியில் முடித்து, அங்கே கீழே வைத்திருக்கிற சோப்புத் தண்ணி வாளியில் குச்சியைப் போட்டுவிடவேண்டும். எப்போதும் ஒரே திசை. சுத்தத்திலிருந்து விஷத்துக்குப் போகலாம், விஷத்திலிருந்து சுத்தத்துக்கு வரக்கூடாது. புதிதாகச் சேருகிற எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு அவன்தான் இதைச் சொல்லித் தருவான், கோயில் மைக்செட் குரலில், 'பக்தர்கள் வலம் வரவும், இடம் வரவேண்டாம், இடம் வருவோர் ஃபெயில் ஆக்கப்படுவர்.' பிள்ளைகள் சிரிக்கும், மறக்காது. திசை மாறினால் வெளியே தெரியாது, வாசம் வராது, நிறம் வராது, மீன் மட்டும் சாகும், பார்க்கிறவன் மீன்தான் பலவீனம் என்று சொல்லுவான். இந்தத் தப்பைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். அவன் குச்சியைக் கடைசித் தொட்டிக்குள் விட்டான். சுற்றினான். எடுத்தான். நுனியில் தண்ணீர் சொட்டாமல் கொஞ்சம் நேரம் நின்றது, அந்தத் திரவத்தின் குணம் அது, பிடித்தால் விடாது. அறையில் கேமரா இல்லை. கம்பெனியே ஒன்று மாட்டித் தருகிறேன் என்றது, சார்தான் எதற்கப்பா, பசங்க சங்கடப்படுவாங்க என்றார். அப்போது அது பெருந்தன்மை மாதிரி இருந்தது. நுனிச்சொட்டு போதாது என்று ஒரு குரல் சொன்னது, சார் குரலல்ல, யார் குரல் என்று தேடினான், அது எவரைப் போலவும் இல்லை, கொஞ்சம் சளி பிடித்த, அவசரமில்லாத, கணக்குத் தெரிந்த குரல். போதாது, ஆனால் ஏற்கெனவே சாய்ந்து நிற்கிற மீனுக்குப் போதும். போதாவிட்டால் அலமாரியில் பாட்டில் இருக்கிறது. இந்தக் குரலை எப்போது கற்றுக்கொண்டோம்? வெளியே தாழ்வாரத்தில் யாரோ பெருக்குகிற சத்தம், சரக் சரக், நின்றது, மறுபடி சரக். கீழ்மடையில் ஒரு பெண் கையைச் சொறிந்துகொண்டே துணியைக் கல்லில் அடித்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு இந்த அறை இருப்பதே தெரியாது. யசோதாவுக்கு இந்தக் குச்சி இருப்பதே தெரியாது. எல்லோரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள், எவ்வளவு சௌகரியமான தூரம். ஒரு அடி எடுத்து வைத்தால் ஐந்தாவது தொட்டி, இன்னொரு அடி நாலாவது, அப்படியே இடம் வந்தால், பிளக் என்று ஒரு சத்தம் கேட்டது.

குச்சி சோப்பு வாளிக்குள் கிடந்தது. அவன் போடவில்லை, கை போட்டுவிட்டது. கடைசித் தொட்டியில் குச்சியை எடுத்தால் அடுத்தது வாளி. ஏழு வருஷத்தில் கைக்கு அது ஒன்றுதான் தெரியும், தலை என்ன யோசிக்கிறது என்று காத்திருக்க அதற்குப் பழக்கமில்லை. சென்னியப்பன் வாளியைப் பார்த்தான். சிரிப்பு வந்தது. அடப்பாவி கையே, என்னைக் கேட்டாயா? வேறொரு குச்சி எடுக்கலாம், அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. எடுக்கவில்லை. இனிமேல் எடுத்தால் அது நானே எடுத்ததாகிவிடும் என்று தோன்றியது. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான், துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான், துடைக்கத் துடைக்க ஒரு கம்பீரம் வந்து ஏறிக்கொண்டது, கை செய்த வேலைக்குத் தலை மாலை வாங்கிக்கொள்வதுபோல. செய்தி வாசிப்பவர் குரல் வந்தது, 'ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் நேர்மை குறித்து.' கம்பெனி மேனேஜர் குரல் வந்தது, 'யாருங்க அந்தப் பையன், பேசிப் பாக்கலையா?' மாமனார் குரல்கூட வந்தது, 'என்ற மாப்ளே ஒரு மீனுக்காக வேலையவே உட்டுப்போட்டாருங்க,' அதில் கிண்டல் இருந்ததா பெருமை இருந்ததா என்று பிடிபடவில்லை. யசோதாவிடம் சொல்லிப் பார்த்தான். யசோதா, நான் பண்ணலை. அவள் தட்டு வைத்தாள். சரி, சாப்பிடுங்க. அந்த 'சரி'யை எத்தனை விதமாகச் சொல்லவைத்தாலும் அதில் ஒரு களைப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. கோபி போச்சு. இனி சார் நாலாவது அத்தியாயத்தை மறுபடி எழுதச் சொல்லுவார், அப்புறம் முதல் அத்தியாயம். பரவாயில்லை. பரவாயில்லையா? பரவாயில்லை என்றுதான் இப்போதைக்கு. அவன் சும்மாத்தொட்டிக்குத் திரும்பி வந்தான், ஒரு நண்பனிடம் நல்ல செய்தி சொல்ல வருகிறவன் மாதிரி, கண்ணாடியில் நெற்றியை வைத்து, 'டேய், உன்னை உட்டுட்டேன்டா,' என்றான்.

மீன் மல்லாந்திருந்தது. மூலையில், மேல்தண்ணீரில், வெள்ளை வயிறு விளக்கைப் பார்க்க, ஒரு பக்கச் செவுள் திறந்தபடி. அவன் முதலில் அதை நம்பவில்லை, நடிக்கிறது என்றே நினைத்தான், நடிப்புதான் அவனுக்குத் தெரிந்த மொழி. அலமாரியிலிருந்து புதுக் குச்சி எடுத்து வால் முளைக்கிற இடத்தில் தொட்டான். சுண்டவில்லை. மறுபடி. செவுளைப் பார்த்தான், அறையின் எல்லாச் சத்தமும் நின்று செவுள் மட்டுமே இருந்தது, அது அசையவில்லை. மற்ற எட்டும் அதைச் சட்டை செய்யாமல் கூட்டமாக ஒரு திருப்பம் திரும்பிப் போயின. எப்போது? குச்சியைச் சுற்றிக்கொண்டிருந்தபோதா, கை கழுவியபோதா, செய்தி வாசித்தபோதா? நான் அங்கே நேர்மையாகிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இது இங்கே செத்துக்கொண்டிருந்ததா? சரி, சொட்டு விழுந்ததா? விழவில்லை. குச்சி கடைசித் தொட்டியைத் தாண்டி வரவே இல்லை. கை? கழுவினேன். கழுவுவதற்கு முன்னால் இந்தத் தொட்டியைத் தொட்டேனா? தொடவில்லை, கழுவிவிட்டுத்தான் வந்தேன், துடைத்துவிட்டுத்தான் வந்தேன், வந்தபோதே இது செத்திருந்தது. விரல்களை மோந்து பார்த்தான். சோப்பு. மறுபடி மோந்தான். சோப்பு. அப்படியானால் ஏன் மோந்துகொண்டே இருக்கிறேன்? பழகாத தண்ணீர், பஸ் அலுப்பு, அவசரம், இதெல்லாம்தான் கொன்றது, நான் இல்லை, ஆனால் நான் ஆசைப்பட்டேன், ஐந்து நிமிஷம் முழுக்க ஆசைப்பட்டேன், ஆசைக்கு இத்தனை விஷம் இருந்தால் அதற்கும் ஓர் அட்டவணை போட்டிருப்பார்களே. மோந்தான். சோப்பு. வெளியே பெருக்குகிற சத்தம் நின்றது, செருப்புச் சத்தம் வந்தது, அதற்கு முன்னால் அந்தக் கனைப்பு வந்தது, இந்த முறை அவன் தொண்டையிலிருந்து இல்லை.

'வாங்க மேடம், பாத்து, தரை ஈரமா இருக்கும்,' என்று அர்த்தநாரி சார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாரியத்துப் பொறியாளர் மெஹருன்னிசா உள்ளே வந்தார், ஐம்பதை ஒட்டிய வயது, செருப்பில் ஆற்று மணல் காய்ந்து ஒட்டியிருந்தது. வணக்கத்தைத் தலையசைப்பில் முடித்துக்கொண்டு நேராகச் சும்மாத்தொட்டிக்கு வந்தார், குச்சியை வாங்கித் தானே தொட்டுப் பார்த்தார். 'போயிருச்சே,' என்றார் மெதுவாக. 'இது ரெண்டாவதா?'

'ஆமாங்க மேடம்,' என்றான் சென்னியப்பன்.

'அடடா,' என்றார் சார். 'அடடா. அப்படின்னா விதிப்படி...'

'தெரியும் சார்.' அந்தம்மா இரண்டாவது தொட்டிக்கு நகர்ந்து குனிந்து பார்த்தார். நாலு மீன். மிச்சத்தை எண்ணத் தேவையில்லை. 'இது கண்ணுக்கு முன்னாடி கிடக்குது. ஆனா எழுத முடியாது. இன்னைக்குச் சாயங்காலம் வந்து சொல்றேன்னு அந்தப் பொம்பளைங்ககிட்ட வாக்குக் குடுத்திருந்தேன்.' நிமிர்ந்து சென்னியப்பனைப் பார்த்தார். 'நீங்கதானே கூட இருந்தது? கை கிய் ஏதாச்சும் பட்டுச்சா? மாத்திக் கீத்தி வெச்சுட்டீங்களா?'

'இல்லைங்க மேடம்.'

'நிச்சயமா?'

'நிச்சயமாங்க மேடம். தானாத்தான் செத்துச்சு. மீனைச் சரியாப் பழக்கலை, அதான்...' என்றவன் சார் பக்கம் பார்த்தான். சார் கூரையில் ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'பழக்கலைன்னா அது இன்னும் மோசம்,' என்றார் மெஹருன்னிசா. 'எப்படிப் பாத்தாலும் மறுபடி பண்ணணும். பண்ணுங்க. தேதி சொல்லுங்க, வர்றேன்.' குச்சியை எங்கே வைப்பது என்று தேடி, சோப்பு வாளியில் போட்டுவிட்டுப் போனார். வெளியே அவர் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அர்த்தநாரி கதவைச் சாத்தினார். வந்து சென்னியப்பன் தோளில் கை வைத்தார். ஏழு வருஷத்தில் அந்தக் கை அங்கே வந்ததில்லை. கனமாக, கதகதப்பாக, ஒரு துண்டைப் போட்டதுபோல இருந்தது. 'மத்தியானம் ரூமுக்கு வா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன். திங்கக்கெழமைக்கு உனக்கு அது வேணுமில்ல?' என்றார். தீஸிஸைப் பற்றி முதல் தடவையாக அவர் ஒரு வாக்கியத்தை முடித்திருந்தார். 'அடுத்த தடவையும் நீயே உக்காரு. வேற யாரையும் நான் நம்ப முடியாது.'

'சார், நான் ஒண்ணும் பண்ணலைங்க.'

'நீ பண்ணுனேன்னு யாரு சொன்னா?'

'இல்லைங்க சார். அது தானாத்தான் செத்துச்சு. நான் தொடவே இல்லை.' தொண்டையில் வேறு யாரும் இல்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, அவனுடையது என்று எது மிஞ்சியிருந்ததோ அதில் சொன்னான். 'நெசமாலுங்க சார்.'

அர்த்தநாரி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தார். அப்புறம் தலையை லேசாகச் சாய்த்து, கண்ணை அகலமாக்கி, குரலை ஒரு படி இறக்கி, 'நெசமாலுங்க சார்,' என்று சொல்லிக்காட்டிச் சிரித்தார். 'மேடம் கேட்டப்ப நானே நம்பிட்டேன்டா!'

சென்னியப்பனை இதுவரை யாரும் பேசிக் காட்டியதில்லை. அவன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரிந்ததில்லை. இப்போது கேட்டான். ஒரு பிசிறு இல்லை, அவனேதான். பொய் சொல்கிறவனின் குரல்.